ஆத்தங்குடித் தரையில் அட்மாஸ்: டெனான் எக்ஸ்1800எச் ரிசீவரைச் செட்டிநாட்டு வீட்டுக்குப் பழக்குவது எப்படி?

ஏவி ரிசீவரை வடிவமைப்பவர்கள் மனத்தில் ஓர் அறை இருக்கிறது. எட்டு, ஒன்பது அடி உயரத்தில் தட்டையான கூரை, தரை முழுக்கக் கம்பளம், ஜிப்சம் பலகைச் சுவர், பஞ்சு நிறைந்த சோபா. காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் உள்ள பழைய வீடுகள் இதற்கு நேர்மாறு. காலடியில் ஆத்தங்குடிக் கல் அல்லது இத்தாலிய மார்பிள். சுவரில் முட்டை வெள்ளைக்கரு கலந்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சு, இன்றைக்கும் முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும். தலைக்கு மேலே பதின்மூன்று, பதினான்கு அடியில் பர்மாத் தேக்கு உத்தரங்கள். இந்த வீடுகளில் ஒலியை விழுங்கிக்கொள்ளும் பொருள் என்று அநேகமாக எதுவும் கிடையாது. கையை ஒருமுறை தட்டினால் அந்த ஓசை அடங்க நேரம் பிடிக்கும்.

இப்படிப்பட்ட ஒரு வீட்டில், காரைக்குடியில் உறவினர் வீட்டு மாடி அறையில்தான் டெனான் நிறுவனத்தின் ஏவிஆர்-எக்ஸ்1800எச் ரிசீவரை வைத்துக் கேட்டேன். முதல் நாள் மாலை அந்த வீட்டு அப்பத்தா சொன்ன ஒரு வரிதான் இந்த விமர்சனத்துக்கே அடிப்படை: "பாட்டெல்லாம் நல்லாத்தான் கேக்குது, பேசுறதுதான் ஒண்ணும் வெளங்கலப்பா." வசனம் விளங்காத ஹோம் தியேட்டரால் வீட்டில் யாருக்கும் பயனில்லை. அவருக்கு வசனம் விளங்கும்வரை என்னென்ன செட்டிங்கை மாற்ற வேண்டியிருந்தது, எதை மாற்றியும் பயனில்லாமல் போனது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கருவியைப் பற்றிச் சுருக்கமாக. ஏழு சேனல் ஆம்ப்ளிஃபயர், இரண்டு சப்வூஃபர் இணைப்பு. எட்டு ஓம் ஸ்பீக்கரில், இரண்டு சேனல் மட்டும் ஓடும்போது, சேனலுக்கு 80 வாட். ஆறு எச்டிஎம்ஐ நுழைவு, அவற்றில் மூன்று 8கே சிக்னலை ஏற்கும். டால்பி அட்மாஸ், டிடிஎஸ்:எக்ஸ் இரண்டும் உண்டு. அறையை மைக் வைத்து அளந்து தானே திருத்திக்கொள்ளும் ஆடிஸி மல்ட்இக்யூ எக்ஸ்டி இருக்கிறது. 80 வாட் போதுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 88 டெசிபல் தரும் சாதாரண ஸ்பீக்கர், மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 78 டெசிபலுக்குக் கொஞ்சம் மேலே தரும். 80 வாட் என்பது அதற்கு மேல் 19 டெசிபல். ஆக 97 டெசிபலைத் தாண்டும். திரையரங்க அளவுகோலில் ஒரு சேனலின் உச்சம் 105 டெசிபல். வீட்டில் யாரும் அந்த அளவில் கேட்பதில்லை. அதைவிட 15 டெசிபல் குறைவாகக் கேட்டாலே பக்கத்து வீட்டுக்குப் படம் கேட்கும். அங்கே உச்சம் 90தான். எனவே போதும். இந்த அறையில் சக்தி ஒரு பிரச்சினையே இல்லை.

பிரச்சினை எதிரொலி. அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சபைன், 1890களின் பிற்பகுதியில் ஹார்வர்டில் ஒரு விரிவுரை மண்டபத்தில் பேராசிரியர் பேசுவது யாருக்கும் விளங்கவில்லை என்பதால் இதை ஆராய்ந்தார். இருக்கை மெத்தைகளை உள்ளே கொண்டுவந்தும் வெளியே எடுத்தும், ஒலி அடங்கும் நேரத்தை இரவு நேரங்களில் அளந்தார். அவர் கண்ட சூத்திரம் எளிது: அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறையிலுள்ள பரப்புகள் மொத்தமாக உறிஞ்சும் அளவால் வகுத்தால் ஒலி 60 டெசிபல் அடங்க ஆகும் நேரம் கிடைக்கும். நான் சொல்லும் மாடி அறை ஏறக்குறைய ஆறு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், நான்கு மீட்டர் உயரம். கன அளவு 96. தரை, கூரை, சுவர் எல்லாம் சேர்ந்து 128 சதுர மீட்டர். கல்லும் மெருகிட்ட பூச்சும் தம்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு பங்கைத்தான் உறிஞ்சும். தேக்குக் கதவு, ஜன்னல்களுக்குக் கொஞ்சம் கூட்டினாலும் மொத்த உறிஞ்சல் மூன்று சதுர மீட்டர்தான். வகுத்தால் ஐந்து வினாடி வருகிறது. வெற்று அறைக்கான கணக்கு இது. கதவைத் திறந்து வைத்தால், ஆட்கள் வந்து உட்கார்ந்தால் குறையும். ஆனாலும் படம் பார்க்கும் அறைக்கு அரை வினாடி போதும் என்று வைத்துக்கொண்டால், நாம் எவ்வளவு தொலைவில் நிற்கிறோம் என்பது விளங்கும். ஒரு சொல்லின் வால் அடங்குவதற்குள் அடுத்த நாலைந்து சொற்கள் அதன்மேல் ஏறிவிடுகின்றன. அப்பத்தாவின் காதில் குறை இல்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்பனையில் இதை யாரும் சொல்வதில்லை. ஆடிஸி மட்டுமல்ல, யமஹாவின் ஒய்பிஏஓ, சுவீடனின் டிராக் என்று எந்தத் தானியங்கித் திருத்தமும் ஐந்து வினாடி எதிரொலியை அரை வினாடியாக்காது. எந்த அதிர்வெண் கூடுதலாகக் கேட்கிறது, எது குறைவாகக் கேட்கிறது என்று பார்த்து ஸ்பீக்கருக்குப் போகும் சிக்னலை அது மாற்றும். ஸ்பீக்கரை விட்டுக் கிளம்பிய ஒலி சுவரில் பட்டுத் திரும்பி வருவதைத் தடுக்க அதனால் ஆகாது. அது அறையில் நடக்கும் காரியம். அறைக்குள் எதையாவது கொண்டுவந்தால்தான் குறையும்.

அதனால் ரிமோட்டைத் தொடுவதற்கு முன்னால் அறையைக் கவனித்தோம். கனத்த வெல்வெட் போன்ற துணியை, ஜன்னல் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு எடுத்து மடிப்பு விழ விட்டால், ஆயிரம் ஹெர்ட்ஸ் பக்கத்தில் தன் மேல் படும் ஒலியில் முக்கால் பங்கை விழுங்கும். அதே துணி 125 ஹெர்ட்ஸில் நூற்றுக்கு ஏழுதான் விழுங்கும். வசனத்துக்குத் திரைச்சீலை உதவும், பேஸுக்கு உதவாது. மெல்லிய ஜமுக்காளம் கீச்சுக் குரலை மட்டும் கொஞ்சம் அடக்கும். கனமான கம்பளம் மேல். அதைவிட மேல், சுவரோரம் சாய்த்து வைக்கும் இலவம்பஞ்சு மெத்தை.

நன்றாக வேலை செய்தது பேனல்தான். பத்து சென்டிமீட்டர் கனமுள்ள ராக்வூல் அட்டையை மரச்சட்டத்துக்குள் அடைத்து, மேலே துணி போர்த்திய பேனல். சட்டம் அடிக்கக் காரைக்குடியில் தச்சருக்குப் பஞ்சமில்லை. மேல் துணிக்கு ஒரே நிபந்தனை: வாயை வைத்து ஊதினால் மூச்சு மறுபுறம் போக வேண்டும். நெருக்கமாக நெய்த பட்டும் ரெக்சினும் ஒலியைத் திருப்பி அனுப்பிவிடும். நம்மூர்க் கண்டாங்கி இதற்கு மிகவும் பொருத்தம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பருத்திப் புடவையின் அரக்குச் சிவப்பும் மஞ்சள் கட்டமும் தேக்குத் தூண்களுக்குப் பக்கத்தில் அந்நியமாகத் தெரியாது. அந்த வீட்டு ஆச்சிமாரே பழைய கண்டாங்கியை எடுத்துக் கொடுத்தார்கள். ராக்வூலின் இழை காற்றில் பரவாமல் இருக்க உள்ளே ஒரு மெல்லிய துணியையும் சுற்றிவிட வேண்டும்.

1.2 மீட்டருக்கு 0.6 மீட்டர் அளவில் பத்து பேனல் என்றால் ஏழு சதுர மீட்டர் உறிஞ்சல். பத்துச் சதுர மீட்டர் திரைச்சீலை இன்னொரு ஏழு. சோபா, மெத்தை நான்கு. கம்பளம் இரண்டு. நாலு பேர் உட்கார்ந்தால் இரண்டு. பழைய மூன்றையும் கூட்டினால் 25. அதே சபைன் கணக்கில் ஐந்து வினாடி 0.6 வினாடிக்கு இறங்குகிறது. எந்த ரிசீவரின் எந்த மெனுவிலும் இந்த மாற்றம் கிடைக்காது.

பேனலைச் சுவரில் அடிக்காதீர்கள். நூறு வருஷப் பூச்சில் துளையிடும் இயந்திரத்தை வைத்தால் உள்ளங்கை அளவுக்குப் பெயர்ந்து வரும். அந்தப் பூச்சை அதே தரத்தில் திரும்பப் பூசத் தெரிந்த கைகள் மிகச் சில. உத்தரத்தில் ஊஞ்சலுக்கும் விளக்குக்கும் அன்று போட்ட இரும்பு வளையங்கள் இருக்கும். அவற்றிலிருந்து கம்பியில் தொங்கவிடலாம். இல்லாவிட்டால் காலுள்ள சட்டமாகச் செய்து நிறுத்தலாம். இந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சமரசம் கிடையாது.

அறை ஓரளவு அடங்கியபின் ஆடிஸி. தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆராய்ச்சியிலிருந்து 2002இல் பிறந்த நிறுவனம் அது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான டாம்லின்சன் ஹோல்மன்தான் டிஎச்எக்ஸ் தரத்தை உருவாக்கியவர். பெட்டியில் ஒரு மைக்கும், அட்டையை மடித்துச் செய்யும் மைக் ஸ்டாண்டும் வருகின்றன. எட்டு இடம் வரை அளக்கலாம். எட்டும் அளந்துவிடுங்கள், நடுவில் நிறுத்தாதீர்கள். முதல் இடம் நீங்கள் உட்காரும் இடத்தில் தலை இருக்கும் புள்ளி, காது உயரம். இதை வைத்துத்தான் தொலைவையும் ஒலி அளவையும் கணக்கிடும். மற்ற ஏழும் அதைச் சுற்றி இரண்டடிக்குள் இருக்கட்டும். சோபாவின் முதுகில் மைக்கை வைத்தால் சோபாவையே அளந்ததாகும்.

அளக்கும்போது மின்விசிறி, ஏசி, ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் எல்லாம் அடங்கியிருக்க வேண்டும். கதவும் திரைச்சீலையும் படம் பார்க்கும்போது எப்படி இருக்குமோ அப்படியே இருக்க வேண்டும். கதவைச் சாத்தி அளந்துவிட்டுத் திறந்து வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. அது வேறு அறை. பகலில் வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், புறாவும் காக்கையும் போடும் சத்தம் மாடிவரை வரும். இரவு பத்து மணிக்கு மேல் அளப்பது நல்லது.

அளந்து முடித்ததும் ரிசீவர் போட்ட கணக்கை அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது. ஸ்பீக்கர் மெனுவுக்குப் போய் இவற்றைப் பாருங்கள். முன் ஸ்பீக்கர்களை 'லார்ஜ்' என்று குறித்திருந்தால் 'ஸ்மால்' என்று மாற்றுங்கள். கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ். ரிசீவர் 40 அல்லது 60 என்று போட்டிருந்தால் 80க்கு ஏற்றலாம், அதில் தவறில்லை. 100 என்றோ 120 என்றோ போட்டிருந்தால் மட்டும் இறக்கக் கூடாது, ஏனென்றால் அதற்குக் கீழே அந்த ஸ்பீக்கர் ஒலிக்கவில்லை என்று மைக் கண்டிருக்கிறது, அங்கே திருத்தமும் செய்திருக்காது. சப்வூஃபரின் தொலைவு டேப் வைத்து அளந்ததைவிட ஓரிரு மீட்டர் கூடுதலாகக் காட்டும். அதைத் தொடாதீர்கள். சப்வூஃபருக்குள் இருக்கும் ஃபில்டர் ஏற்படுத்தும் தாமதத்தையும் ரிசீவர் தொலைவாகக் கணக்கிடுகிறது. சப்வூஃபர் முறையில் 'எல்எஃப்இ பிளஸ் மெயின்' வேண்டாம், வெறும் 'எல்எஃப்இ' போதும்.

சப்வூஃபர் என்றதும் இந்த அறையின் இன்னொரு சிக்கல். அகலமும் நான்கு மீட்டர், உயரமும் நான்கு மீட்டர். ஒலி வேகத்தை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் அந்தத் திசையில் அறை தானே முழங்கும் அதிர்வெண் வரும். நம் வெயிலில் ஒலியின் வேகம் வினாடிக்கு 350 மீட்டர். நான்கு மீட்டருக்கு 44 ஹெர்ட்ஸ். இரு திசையிலும் அதே 44 என்பதால் அந்த ஒரு இடத்தில் மட்டும் பேஸ் இரட்டிப்பாக முழங்குகிறது. அடுக்குமாடி வீட்டில் உயரம் மூன்று மீட்டரே என்பதால் இது பிரிந்துபோகும். உங்கள் அறையில் எந்த இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். இதை ஆடிஸி ஓரளவு அடக்குகிறது, ஏனென்றால் மேடாக இருப்பதைக் குறைப்பது அதற்கு எளிது. பள்ளமாக இருப்பதை நிரப்புவது கடினம், அதற்கு சப்வூஃபரை இடம் மாற்றத்தான் வேண்டும். பழைய முறை ஒன்று இன்றும் நன்றாக வேலை செய்கிறது: நீங்கள் உட்காரும் இடத்தில் சப்வூஃபரை வைத்து, பேஸ் நிறைந்த ஒரு பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்து, எங்கே தாளம் ஒரே சீராகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வையுங்கள். இதில் இரண்டு சப்வூஃபர் இணைத்தாலும் இரண்டுக்கும் ஒரே சிக்னல்தான் போகும், தனித்தனியாகத் திருத்தாது.

இப்போது வசனம். ஆடிஸியில் 'ரெஃபரன்ஸ்', 'ஃப்ளாட்' என்று இரண்டு வளைவுகள் உண்டு. ரெஃபரன்ஸ் உச்ச அதிர்வெண்களைக் கொஞ்சம் தணிக்கும். கல் அறைக்கு இதுதான் சரி; ஃப்ளாட் வைத்தால் 'ச', 'ஷ' ஒலிகள் காதைக் கீறும். ஆனால் ரெஃபரன்ஸில் 2000 ஹெர்ட்ஸ் பக்கம் வேண்டுமென்றே ஒரு சிறு பள்ளம் வைத்திருக்கிறார்கள். மெய்யெழுத்துகளின் தெளிவு வாழும் பகுதிக்குள் அது விழுகிறது. கட்டணம் கட்டி வாங்கும் மல்ட்இக்யூ எடிட்டர் செயலியில் இந்தப் பள்ளத்தை நிறுத்திவிடலாம். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அந்தச் செலவு தகும்.

'டைனமிக் இக்யூ' அளவீடு முடிந்ததும் தானே இயங்கும். ஒலியைக் குறைத்துக் கேட்கும்போது பேஸ் காதுக்குக் குறைவாகத் தெரிவதை ஈடுகட்ட, பேஸைத் தூக்கிக்கொடுக்கும். பக்கவாட்டு ஸ்பீக்கர்களையும் கூடவே தூக்கும். எதிரொலிக்கும் அறையில் இந்தத் தூக்கல்தான் வசனத்தை மூழ்கடிக்கிறது. முழுவதும் நிறுத்த வேண்டாம். அதன் கீழேயே 'ரெஃபரன்ஸ் லெவல் ஆஃப்செட்' என்று 0, 5, 10, 15 டெசிபல் இருக்கிறது. சினிமாவுக்கு 0 என்பது கையேட்டின் பரிந்துரை. நம் படங்களுக்கு, நம் அறைகளுக்கு, 10 வைக்கச் சொல்வேன். செய்தி, சீரியல், பாட்டுக்கு 15. 'டைனமிக் வால்யூம்' வேறு. அது மெல்லிய ஒலியை உயர்த்தி உரத்த ஒலியைத் தாழ்த்தும். நள்ளிரவில் குழந்தை தூங்கும்போது 'லைட்' வைக்கலாம். மற்ற நேரம் வேண்டாம், ஏனென்றால் மெல்லிய ஒலியோடு அறை மிச்சம் வைத்த எதிரொலி போன்ற சின்னச் சின்ன ஓசைகளும் மேலே வருகின்றன.

இவற்றுக்குப் பிறகுதான் 'டயலாக் என்ஹான்சர்'. முதலில் 'லோ'. போதாவிட்டால் சென்டர் ஸ்பீக்கரின் அளவை இரண்டு டெசிபல் ஏற்றுங்கள். சென்டர் ஸ்பீக்கரை அலமாரிக்குள் தள்ளி வைக்காமல் விளிம்புக்குக் கொண்டுவந்து, முகத்தைக் காது நோக்கிச் சற்றே நிமிர்த்தினால் பாதி வேலை அங்கேயே முடியும். இத்தனைக்கும் பிறகு அப்பத்தா ஒரு படத்தை முழுக்கப் பார்த்தார், யாரிடமும் "என்ன சொன்னான்?" என்று கேட்காமல்.

அட்மாஸ் பற்றிக் கேட்பவர்களுக்கு. கூரையைப் பார்த்து ஒலியை எறிந்து, அது பட்டுத் திரும்புவதை மேலிருந்து வருவதாகக் காட்டும் ஸ்பீக்கர்கள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றுக்குத் தட்டையான கூரை வேண்டும், உயரம் ஏழரை அடியிலிருந்து பன்னிரண்டு அடிக்குள் இருப்பது நல்லது, பதினான்குக்கு மேல் போகக் கூடாது என்று டால்பியே சொல்கிறது. நம் கூரை அந்த எல்லையில் நிற்கிறது. அதோடு தட்டையும் இல்லை. உத்தரமும் சட்டமுமாக வரிவரியாக இருக்கிறது. செட்டிநாட்டு வீட்டுக்கு அவை வேண்டாம். சின்ன ஸ்பீக்கர் இரண்டை உத்தர வளையத்திலிருந்து தொங்கவிட்டு, ஆம்ப் அசைன் மெனுவில் அவற்றை 'டாப் மிடில்' என்று சொல்லுங்கள். ஏழு சேனலில் ஐந்து கீழே, இரண்டு மேலே. பின் ஸ்பீக்கர் இரண்டு கூடுதலாக வைப்பதைவிட இந்த ஏற்பாட்டில் மழைக் காட்சிக்கும் ஹெலிகாப்டருக்கும் மதிப்பு அதிகம்.

எதை ஓட்டிச் சோதிப்பது? காரைக்குடிக்காரர்களுக்கு நான் சொல்லும் பட்டியல் ஊரிலிருந்தே தொடங்கும். 1907இல் இங்கே பிறந்த ஏ.வி.மெய்யப்பன் கிராமபோன் இசைத்தட்டு வியாபாரத்திலிருந்து சினிமாவுக்குப் போனவர். அவர் எடுத்த 'நந்தகுமார்' (1938) தமிழில் பின்னணிக் குரலைக் கொண்டுவந்த படம். போர்க்காலத்தில் அவர் காரைக்குடியிலேயே ஸ்டுடியோ போட்டார். 'நாம் இருவர்' (1947) இங்கே படமானது. அவர் தொடங்கிய ஏவிஎம் நிறுவனம் தயாரித்த 'சிவாஜி', 2012இல் முப்பரிமாணத்தில் திரும்ப வந்தபோது அட்மாஸ் ஒலிக்கலவையோடு வந்த முதல் இந்தியப் படமானது. ஒரே நிறுவனத்தின் இந்த இரண்டு முனைகளையும் ரிசீவர் எப்படிக் கையாள்கிறது என்று பார்ப்பது நல்ல சோதனை.

'நாம் இருவர்' போன்ற பழைய படத்தில் இடது, வலது இரண்டிலும் ஒரே ஒலிதான். 'ஸ்டீரியோ' முறையில் போட்டால் இரண்டு ஸ்பீக்கரிலும் கேட்கும். 'டால்பி சரவுண்ட்' முறையில் போட்டால் முழுவதும் சென்டர் ஸ்பீக்கருக்கே போகும். எதிரொலி அறையில் டால்பி சரவுண்ட்தான் தெளிவாக இருக்கிறது. ஒரே இடத்திலிருந்து வரும் குரலைக் காது பிடித்துக்கொள்கிறது. 'மல்ட்டி சேனல் ஸ்டீரியோ' என்று எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே ஒலியைக் கொட்டும் முறையைக் கல்யாணக் கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், படத்துக்கு வேண்டாம். இசைக்கு நான் வீணையைத்தான் சிபாரிசு செய்வேன். காரைக்குடி சாம்பசிவ ஐயரின் பாணியில் வந்தவர்கள் வாசித்த எந்தப் பதிவானாலும் சரி. மீட்டிய நாதம் தானே நீண்டு அடங்கும் வாத்தியம் அது. அந்த நீட்சி வீணையுடையதா, உங்கள் சுவருடையதா என்று ஒரு கமகத்தில் தெரிந்துவிடும். ஆடிஸியை 'ஆஃப்' செய்தும் போட்டும் மாறிமாறிக் கேளுங்கள்.

படத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் ரிசீவரில் படத்தைத் திருத்தவே கூடாது என்பது என் கட்சி. வெளிச்சம், நிறம், கூர்மை எல்லாவற்றையும் டிவியில் செய்யுங்கள். சில ரிசீவர்களில் அதற்கும் மெனு உண்டு. இரண்டு இடத்தில் திருத்தினால் எது எதைக் கெடுத்தது என்றே தெரியாமல் போகும். டிவியில் 'ஃபிலிம்மேக்கர்' முறை இருந்தால் இரவுக்கு அது. காட்சியை வழவழப்பாக்கும் மோஷன் வசதியை நிறுத்துங்கள். பகலில் வளவு வெளிச்சம் ஜன்னல் வழியே மார்பிளில் பட்டு அறை முழுக்கப் பரவும். அதே திரைச்சீலைதான் இதற்கும் மருந்து.

ரிசீவரில் சரிபார்க்க வேண்டியவை இவ்வளவுதான். வீடியோ மெனுவில் '4கே/8கே சிக்னல் ஃபார்மட்' எதில் இருக்கிறது என்று பாருங்கள். 'ஸ்டாண்டர்ட்' என்றால் 60 பிரேம் 4கே எச்டிஆர் படம் முழுத் தரத்தில் வராது, 'என்ஹான்ஸ்ட்' வேண்டும். டிவியிலும் அந்த எச்டிஎம்ஐ வாய்க்கு இதே போன்ற ஒரு தேர்வு இருக்கும். டிவிக்குள்ளேயே ஓடிடி செயலி பார்ப்பவர்கள் இஏஆர்சி வாயில் இணைத்து, டிவியின் ஒலி வெளியீட்டை 'பிசிஎம்' என்பதிலிருந்து 'ஆட்டோ' அல்லது 'பாஸ் த்ரூ' என்று மாற்ற வேண்டும். அட்மாஸ் வரவில்லை என்று சொல்லும் பெரும்பாலான வீடுகளில் காரணம் இந்த ஒரு வரிதான். உதட்டசைவுக்கும் குரலுக்கும் இடைவெளி தெரிந்தால், குரல் முந்துகிறதா பிந்துகிறதா என்று முதலில் கண்டுபிடியுங்கள். 'ஆடியோ டிலே' குரலைத் தாமதப்படுத்தத்தான் முடியும், முன்னே கொண்டுவர முடியாது. குரல் பிந்தினால் டிவியை 'கேம்' முறைக்கு மாற்றிப் படத்தை விரைவாக்கினாலும் பயனில்லை, இடைவெளி கூடும். ஒலி எந்த வழியாகச் சுற்றி வருகிறது என்று பார்த்து, செட்டாப் பாக்ஸை நேரே ரிசீவரில் செருகுங்கள்.

கடைசியாக இயந்திரத்தின் உடல்நலம். சித்திரை, வைகாசியில் காரைக்குடி வெயிலில் இந்தப் பெட்டியைத் தேக்கு அலமாரிக்குள் வைத்து மூடுவது அதற்குச் செய்யும் தீங்கு. ஓர் அடி இடைவெளி சுற்றிலும், முக்கியமாக மேலே, இருக்கட்டும். மின் அழுத்தம் ஏறி இறங்கும் தெருவில் ஸ்டெபிலைசர் கட்டாயம். இன்வெர்ட்டரில் ஓட்டினால் சைன்வேவ் வகையாக இருக்க வேண்டும்; சதுர அலை இன்வெர்ட்டரில் ஸ்பீக்கரில் ரீங்காரம் கேட்கும். 'ஈகோ' முறை சக்தியைக் கட்டுப்படுத்தும் என்பதால் படம் பார்க்கும்போது 'ஆஃப்', மற்ற நேரம் 'ஆட்டோ'. வால்யூமுக்கு உச்ச எல்லை வைக்க மெனுவில் இடம் உண்டு. பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும் வீட்டில் அதை 70இல் நிறுத்தி, செட்டப் லாக்கையும் போடுங்கள். நம்மில் பலர் வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருக்கிறோம், கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும்தான் திறக்கிறோம். அப்படியானால் 'ஸ்டாண்ட்பை' போதாது, பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். எச்டிஎம்ஐ வாய்களை மூடி வைத்தால் தூசியும் எறும்பும் போகாது. செட்டிங்ஸ் பக்கங்களைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரீசெட் செய்ய நேர்ந்தால் ஆடிஸி அளந்தது உட்பட எல்லாம் அழிந்துவிடும்.

என் தீர்ப்பு: ஐந்து ஸ்பீக்கர், மேலே இரண்டு, ஒரு சப்வூஃபர் என்று நிறுத்திக்கொள்ளும் வீட்டுக்கு எக்ஸ்1800எச் நிறைவான ரிசீவர். மெனு ஆங்கிலத்தில்தான் என்றாலும் ஒழுங்காக அடுக்கியிருக்கிறார்கள், படம் போட்டு விளக்குகிறார்கள். இரண்டு சப்வூஃபரைத் தனித்தனியே திருத்த வேண்டியவர்களும் டிராக் வேண்டுபவர்களும் அதே நிறுவனத்தின் எக்ஸ்3800எச்சைப் பார்க்கலாம். அதில் ஒன்பது ஆம்ப்ளிஃபயரும் நான்கு தனி சப்வூஃபர் வெளியீடும் உண்டு, டிராக்குக்கு மட்டும் தனிக் கட்டணம். ஆனால் வெற்று அறையில் எக்ஸ்3800எச்சை வைப்பதைவிடத் திரைச்சீலையும் பேனலும் உள்ள அறையில் எக்ஸ்1800எச்சை வைப்பது மேல் என்று உறுதியாகச் சொல்வேன். வித்தியாசத் தொகையை முதலில் தச்சரிடமும் துணிக்கடையிலும் கொடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வருவதாக இருந்தால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூர், மலேசியாவில் விற்பது நம் 230 வோல்ட் மின்சாரத்தில் ஓடும். பிளக்கை மாற்றினால் போதும், ஆனால் இந்தியாவில் வாரண்டி கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். அமெரிக்காவில் விற்பது 120 வோல்ட்டுக்குச் செய்தது. அதை வாங்க வேண்டாம்.